கவிழ்த்துப் பார்க்க வேண்டிய நாற்காலி

பழைய ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலி ஒன்று விலைக்கு வந்தால், அசலா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். அமெரிக்காவில் அதை 1956 முதல் செய்துவருவது ஹெர்மன் மில்லர் நிறுவனம். அடியில் அதன் சீட்டு ஒட்டியிருக்கும். முதுகுப் பலகையின் வெளிப்பக்கம் ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியாது. நாற்காலியின் அடித்தாங்கிக்கு ஐந்து கிளை, கால் வைக்கும் ஸ்டூலுக்கு நான்கு. சாய்க்க நெம்புகோல் வைத்திருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

சண்டிகர் நாற்காலியிடம் இந்தப் பாச்சா பலிக்காது. அதற்குச் சீட்டும் இல்லை, கம்பெனியும் இல்லை.

சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கார்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே, 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி நகரக் கட்டுமானத்தைக் கவனித்தார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பஞ்சாப் பல்கலைக்கழகம் என்று எல்லாவற்றுக்கும் நாற்காலி, மேசை, அலமாரி தேவைப்பட்டன. அவரும், யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைந்து கொடுத்ததை வெவ்வேறு பட்டறைகளில் ஆசாரிகள் செய்தார்கள். தேக்கு, பிரம்பு, தலைகீழ் ‘வி’ போன்ற கால். பிற்காலத்தில் அவை உடைசலாக மொட்டைமாடிகளில் குவிந்தன. அரசு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின. பாரிஸ் வணிகர்கள் அவற்றை அள்ளிச் சென்று பழுது பார்த்துக் காட்சிக்கு வைத்த பிறகு, பன்னாட்டு ஏலங்களில் லட்சங்களில் விலை பேசப்பட்டது. போலி வராமல் இருக்குமா?

விற்பவர் முதலில் நீட்டுவது ஒரு எண்: ‘பி.ஜே. எஸ்.ஐ. 28’ என்பதுபோல. அது பின்னாளில் வணிக உலகம் வைத்துக்கொண்ட அட்டவணைக் குறி. அதுவே நாற்காலியில் பொறித்திருந்தால் சந்தேகம்தான் கூட வேண்டும். பட்டறைகள் பல என்பதால் அசல்களுக்குள்ளேயே அகலமும் சட்டத்தின் கனமும் கொஞ்சம் மாறும். ஆறு நாற்காலி அச்சில் வார்த்தாற்போல் நின்றால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை.

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்ப்பதுதான் என் வழக்கம். அலுவலகத்தில் புழங்கிய நாற்காலி ஒரே மாதிரி தேயாது. கை வைக்கும் இடத்தின் முன்முனை மழமழவென்றிருக்கும்; முதுகின் மேல்விளிம்பு சுவரில் இடித்து நசுங்கியிருக்கும்; தினமும் தரை துடைத்த ஈரத்தில் காலடி கறுத்து, சில சமயம் இற்றும் போயிருக்கும். யாரும் தொடாத இருக்கையின் அடிப்பக்கம் வெளுத்து, சொரசொரப்பாக இருக்க வேண்டும். அங்கேயும் மேலே உள்ள அதே பழுப்புச் சாயம் ஏறியிருந்தால், அது ஒரே நாளில் பூசிய வயது.

பிரம்பு புதிதாக இருப்பது குற்றமில்லை. எழுபது வருடம் எந்தப் பிரம்பு தாங்கும்? பிரம்பை விட்டுவிட்டு அது நுழையும் துளைகளைப் பாருங்கள். திரும்பத் திரும்பப் பின்னிய சட்டத்தில் துளை விளிம்பு தேய்ந்து, அங்கங்கே சிம்பு பெயர்ந்திருக்கும். புது டிரில் போட்ட துளை கூராக, சீராக இருக்கும். மரத்தின் வயதை நம்பி ஏமாறக் கூடாது. வீடு இடித்த பழைய தேக்கில் நேற்றுச் செய்த நாற்காலியும் பழைய தேக்குதான். சம்பந்தமில்லாத இடத்தில் ஆணித்துளையை அடைத்த தடம் தென்பட்டால் அது உத்தரமாகவோ நிலையாகவோ இருந்த கட்டை.

அடுத்தது எழுத்து. துறையின் சுருக்கப் பெயர், பொருள் எண் என்று அலுவலகக் கணக்குக்காகப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். போலி செய்பவருக்கும் இது தெரியும். அதனால் எழுத்து இருக்கிறதா என்பதைவிடக் கீறல் எப்படி ஓடுகிறது என்பதே முக்கியம். கீறல் பெயிண்டை வெட்டிக்கொண்டு போனால் எழுத்து முந்தியது. பெயிண்ட் கீறலுக்குள் இறங்கியிருந்தால் தேய்ந்த பிறகு எழுதியது. பின்னாளைய கணக்கெடுப்பில் எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. எல்லாக் கீறலிலும் இறங்கியிருந்தால் அந்தச் சாக்கு செல்லாது. இதில் ஒரு சங்கடம்: பளபளப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் பல அசல் நாற்காலிகளும் எழுத்தைப் பறிகொடுத்துவிட்டன.

அப்போது கைகொடுப்பது காகிதம்: அரசு ஏலத்தில் எடுத்த ரசீது, ஏற்றுமதிப் பில், பழுது பார்க்கும் முன் எடுத்த படம். தேதியையும் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளுக்குத்தான் பொருந்தும் என்பதால் இவை தடையின்றி நாடு கடந்தன. ஆனால் 2011இல் இந்த மரபுப் பொருட்களை ஏலம் விடக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது.

ஆகவே, “போன மாதம்தான் சார் ஆபீஸிலிருந்து வெளியே வந்தது” என்று ஒருவர் சொன்னால், அந்த நாற்காலி போலியாக இருக்கலாம். அசலாக இருந்தால் இன்னும் மோசம், திருட்டாக இருக்கலாம்.