ஆராய்ச்சியும் வாய்மையும்

ஓர் உண்மையைத் தாம் கண்டதாகக் கூறுதல் எளிது. பிறரும் அதனைக் காணுமாறு செய்தலே அரிது. இங்கிலாந்தில் வாழ்ந்த இராபர்ட் பாயில் என்னும் அறிஞர், காற்றைப் பற்றித் தாம் செய்த சோதனைகளை 1660-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கருவியின் அமைப்பையும், செய்த முறையையும், தவறிப்போன சோதனைகளையுங்கூட அவர் அந்நூலில் விரித்துரைத்தார். ஒருவர் கண்ட முடிவைப் பிறரும் அம்முறையே செய்து காணக்கூடுமாயின், அதுவே அம்முடிவுக்கு உரைகல்லாகும்.

ஆராய்ச்சிக் கட்டுரை இதழில் அச்சேறுமுன், அத்துறை வல்லார் அதனைப் படித்துக் குறைநிறைகளை ஆராய்வது வழக்கம். இதற்குப் பல திங்கள் செல்வதுண்டு. அக்காலத் தாழ்வைத் தவிர்க்கவே, மதிப்பீட்டுக்கு முன்னரே கட்டுரையை யாவரும் காண வெளியிடும் முறை தோன்றியது. அவ்வாறு வெளிவருவது முன்பதிப்பு எனப்படும். பௌதிக அறிஞர் பால் கின்ஸ்பார்க் 1991-இல் அமெரிக்காவில் முன்பதிப்புகளுக்கென ஒரு மின்களஞ்சியத்தைத் தொடங்கினார். மருத்துவத் துறைக்கு ‘மெட்ஆர்க்கைவ்’ என்னும் களஞ்சியம் 2019-இல் ஏற்பட்டது.

அடுத்த ஆண்டே கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தது. முன்பதிப்புகள் வெள்ளமெனப் பெருகின. மதிப்பீட்டுக்குக் காத்திராமல் மருத்துவரும் செய்தித்தாள்களும் அவற்றை எடுத்தாண்டனர். பிழைபட்ட கட்டுரை ஒன்று, நோயாளிக்கு ஆகாத மருந்தை அளிக்கவும் காரணமாகலாம். ஆயின், அத்தனையையும் ஆய்ந்து பார்க்க அறிஞர்க்குப் பொழுது ஏது?

இந்நிலையில் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று கணிப்பொறியைத் துணைக்கொண்டது. பல நிரல்களை ஒருங்கே இயக்கி, கொரோனா பற்றிய முன்பதிப்புகளை ஆயிரக்கணக்கில் சோதித்து, அறிக்கைகளை இணையத்தில் வெளியிட்டது. மூலத் தரவுகள் யாவர்க்கும் கிடைக்கின்றனவா? நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்தனரா? இத்தனை பேரை ஆராய்ந்தால் போதும் என்பதற்குக் காரணம் கூறினரா? தம் ஆய்வின் குறைகளைத் தாமே உரைத்தனரா? இவற்றுக்கெல்லாம் அந்நிரல்கள் கட்டுரைகளில் விடை தேடின. தரவுகளின் பரவலை மறைக்கும் பட்டை வரைபடங்களையும், நிறக்குருடர்க்கு விளங்காத வண்ணப் படங்களையும் வேறு நிரல்கள் சுட்டிக் காட்டின.

எனினும், எந்திரத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. குலுக்கல் நடந்ததாகக் கட்டுரை கூறுகின்றதா என்பதை அது காணும். அக்குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்பதை அறியாது. சில வேளைகளில் உள்ளதை இல்லை என்றும், இல்லாததை உண்டு என்றும் உரைக்கும். நோயாளரே இடம்பெறாத கணித ஆய்வை நோக்கி, ‘குலுக்கல் எங்கே?’ என வினவினும் வினவும். ஆதலின் அவ்வறிக்கை தீர்ப்பன்று; நினைவூட்டலே ஆகும். அதனைக் கண்ட கட்டுரையாளர் விடுபட்டவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இதழில் அச்சேறாத முன்பதிப்பாதலின், திருத்துதற்குக் காலமும் உண்டு.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் மாணவன், தான் பெற்ற எண் புத்தகத்திலுள்ள விடையோடு பொருந்தாமை கண்டு, அதனை அழித்து எழுத நினைத்தல் கூடும். அவன் கை அழித்ததை எந்த எந்திரமும் கண்டறியாது. பெற்ற எண்ணைப் பெற்றவாறே எழுதி, அளந்த முறையையும் உடன் எழுதுவானாயின், பிழை எங்கே நேர்ந்தது என்பதை ஆசிரியரும் காண்பார், அவனும் காண்பான். அறிவியல் வளர்வது அவ்வாய்மையினாலேயே ஆகும்.