ஈழத் தீவில் நம்மவர் சுவடுகள்
யாத்திரை செல்வார்க்கு ஒரு பாடம்



பெங்களூரிலிருந்து இலங்கைக்கு யாத்திரை செல்லும் நம்மவர் கண்டியில் தந்ததாதுவையும், அநுராதபுரத்தில் மகாபோதியையும் வணங்கி, கொழும்புக் கடைவீதியைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். அவை காணத்தக்கனவே. எனினும் தமிழராய்ப் பிறந்து தன்மத்தைத் தழுவிய நமக்கு உரிய இடங்கள் சில அத்தீவில் உள்ளன. அவற்றை யாத்திரைக் குழுவினர் பெரும்பாலும் காட்டுவதில்லை. “பௌத்தம் சிங்களவர் சமயம், தமிழனுக்கு அதில் என்ன வேலை?” என்று நம் பிள்ளைகளிடம் கேட்போர்க்கு அங்குள்ள கற்களே விடை கூறும். ஆகலின் இப்பாடத்தில் அவ்விடங்களையும், அங்கே நாம் ஒழுகவேண்டிய முறையையும் உரைக்கின்றோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிக. பகவன் பரிநிர்வாணம் எய்துமுன் காணத்தக்கனவாய்க் கூறிய தலங்கள் உலும்பினி, புத்தகயை, சாரநாதம், குசிநகரம் என்னும் நான்கே. இலங்கை அவற்றுள் ஒன்றன்று. அங்கே செல்லாதவர்க்குக் குறைவில்லை. சென்றதனால் மட்டும் சீலம் வளர்வதுமில்லை. கண்டதைக் கொண்டு மனம் திருந்துவதே யாத்திரையின் பயன்.

1. நயினாதீவு

யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து, அங்கிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் இத்தீவு வரும். சிங்களவர் இதனை நாகதீபம் என்பர். பகவன் முதன்முறை மகியங்கனைக்கும், இரண்டாம் முறை நாகதீபத்துக்கும், மூன்றாம் முறை களனிக்கும் எழுந்தருளினார் என மகாவம்சம் கூறும். மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இதுவே எனக் கருதும் அறிஞர் பலர்; உடன்படாதாரும் உளர்.

இரு நூல்களும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. நாக மன்னர் இருவர் மணிகள் இழைத்த ஆசனம் ஒன்றுக்காகப் போர் தொடுத்தனர். பகவன் இடைநின்று அறம் உரைத்தார், போர் ஒழிந்தது. அவர் “இவனுக்கே ஆசனம்” என்று தீர்ப்பளித்தாரில்லை. இருவருள் எவரும் அதில் அமரவில்லை. அது இருவர்க்கும் வணங்கும் பொருளாயிற்று. இக்கதையை நன்கு நினைவிற் கொள்க. இப்பாடத்தின் இறுதியில் இது வேண்டப்படும்.

ஆபுத்திரன் கதையும் மணிபல்லவத்தைச் சார்ந்ததே. மரக்கலம் அவனைத் தனியே விட்டுப் போயிற்று. கையில் வற்றாத அமுதசுரபி இருந்தும், ஊட்டுதற்கு மாந்தர் இல்லாத இடத்தில் தான் மட்டும் உண்ண அவன் இசையவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். அதே பாத்திரம் வைகாசி முழுமதி நாளில் மணிமேகலையின் கையை அடைந்தது.

நயினாதீவில் நாகவிகாரையும் நாகபூசணி அம்மன் கோயிலும் அருகருகே உள்ளன. விகாரையை வணங்கியபின் கோயிலுக்கும் செல்க. அங்குள்ள அன்னதான மண்டபத்தின் பெயர் அமுதசுரபி என்பதாம். சைவர் கோயிலில் நம் காப்பியத்துப் பாத்திரத்தின் பெயர் வழங்குவதைக் கண்டு மகிழ்க. வந்தவர்க்கெல்லாம் சோறிடும் அப்பந்தியில் அமர்ந்து உண்க. அக்கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் பரதேச வணிகரைக் காக்குமாறு அது பணிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், பிற சரக்குக் கலம் உடைந்தால் பாதியும் அரசுக்கு. எஞ்சியது உடையவனுக்கு என விதிக்கிறது. சிங்கள வேந்தன் இத்துறைமுகத்து ஆணையைத் தமிழிலே பொறித்தான் என்பதைப் பிள்ளைகட்குச் சுட்டிக்காட்டுக.

2. சம்பில்துறையும் கந்தரோடையும்

மாதகலை அடுத்த சம்பில்துறையே பண்டை நாளில் சம்புகோளப் பட்டினம் எனப்பட்டது என்பர். அசோக மாமன்னரின் மகளார் சங்கமித்தை தேரியார், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், போதிக் கிளையுடன் கரையேறிய துறை அது. அவர் வருகையினால் அத்தீவில் மகளிர்க்கும் துறவு நெறி திறந்தது. நம் உபாசிகைகள் ஆங்கே சற்றே அமர்ந்து இதனைச் சிந்திக்க.

சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில், பனை சூழ்ந்த மணல்வெளியில், சிறு தூபிகள் நெருங்கி நிற்கின்றன. அநுராதபுரத்துத் தூபிகள் மலைபோல் உயர்ந்தவை. இவையோ சில ஆளுயரத்தைக்கூட எட்டாதவை. பவளச் சுண்ணக்கல்லால் ஆனவை. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி நீதிபதி பால் பீரிஸ் இவ்விடத்தை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் இவ்வூரில் அகழ்ந்தனர். காலை வேளையிற் செல்க. நண்பகலில் வெறுங்காலை மணல் சுடும்.

3. வெல்கம் விகாரை

திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தின் அருகே, காட்டினிடையே உள்ளது இவ்விகாரை. தமிழர் இதனை நாதனார் கோயில் என வழங்கினர். சோழர் காலத்தில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் பல இங்கே கிடைத்துள்ளன. விளக்கெரிப்பதற்குக் கால்நடைகளும் காசும் கொடுத்தோரை அவை குறிக்கின்றன. கொடுத்தவர் தமிழர், கொடுத்தது புத்தர் திருமுன் விளக்குக்கு. இதனினும் தெளிவான சான்று நமக்கு வேறென்ன வேண்டும்?

ஆயினும் வரலாற்றை ஒருபக்கமாய்ப் படித்தல் பொய்யுரைத்தலுக்கு அடுத்த படியாகும். அதே சோழர் படையே அநுராதபுரத்து விகாரைகளைச் சூறையாடிற்று என மகாவம்சம் வருந்திக் கூறுகிறது. வெல்கம் விகாரையில் பெருமை கொள்வோர் அநுராதபுரத்தில் அத்துயரையும் நினைக்கவேண்டும்.

4. அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் இரு கற்கள்

அநுராதபுரத்தில் அபயகிரியை அடுத்து ஒரு பாறை உண்டு. அதில் பண்டைப் பிராமி எழுத்தில், ஈண்டு வாழ்ந்த தமிழ் இல்லறத்தார் தம் மண்டபத்து இருக்கைகளுக்குப் பெயர் பொறித்துள்ளனர். கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகிய அக்கல்லில், மிக உயர்ந்த இருக்கை ஒரு மரக்கல மாலுமியின் பெயரால் உள்ளது. அக்கூட்டத்தில் கடலோடிக்கே முதலிடம் கிடைத்தது.

பொலன்னறுவையில் தளதா முற்றத்தில் வேளைக்காரர் கல்வெட்டு நிற்கிறது. முதலாம் விசயபாகு (1055–1110) காலத்தில் தந்ததாதுவுக்கு எழுப்பிய பள்ளியைத் தம் உயிர் கொடுத்தும் காப்போம் எனத் தமிழ்ப் படையினரான வேளைக்காரர் தமிழிலே சூளுரைத்த கல் அது. பள்ளிக்கு மூன்றுகை வேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி எனப் பெயருமிட்டனர். வலங்கையாரும் இடங்கையாரும் அச்சூளுறவில் ஒருங்கே நிற்கின்றனர். தமிழகத்து வீதிகளில் இவ்விரு பிரிவினரும் எத்துணைக் காலம் மோதிக்கொண்டனர் என்பதை அறிந்தோர்க்கு இக்கல்லின் அருமை விளங்கும்.

5. கொழும்பு மாளிகாகந்தை

கொழும்பில் மருதானையை அடுத்த மாளிகாகந்தையில், இக்கடுவை சுமங்கல மகாதேரர் 1873இல் நிறுவிய வித்தியோதய பிரிவேனா உள்ளது. நம் பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, அம்மகாதேரரிடமே பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தழைத்தன. தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிய நம் முன்னோர் சொன்ன பஞ்சசீலம் இவ்வழியே வந்தது. கண்டிக்குச் செல்வோர், 1950 மே மாதத்தில் அண்ணல் அம்பேத்கர் அங்கே உலகப் பௌத்தர் மாநாட்டிற்கு வந்ததையும், 6 ஆண்டுகட்குப் பின் நாகபுரியில் தீட்சை பெற்றதையும் இணைத்து எண்ணுக.

6. ஒழுகவேண்டிய முறை

இனி, பாடத்தின் முதன்மையான பகுதிக்கு வருகின்றோம். 1983 முதல் 2009 வரை அத்தீவு கொடிய போரைக் கண்டது. அதற்கு முன்பே, 1981இல், யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரியுண்டது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் விகாரைகள் தொடர்பாய் நிலவழக்குகளும் போராட்டங்களும் நிகழ்கின்றன. ஆகலின் அங்குள்ள தமிழருட் பலர்க்குப் புத்தர் சிலை கருணையின் உருவாய்த் தோன்றுவதில்லை. தம் நிலத்தைக் கொள்ள வருவதன் அடையாளமாய்த் தோன்றுகிறது. மறுபுறம், பண்டைத் தூபியைக் கண்டவிடத்தெல்லாம் சிங்களவரே வாழ்ந்தனர் என்று கூறுவாரும் உளர். இரு திறத்தாரும் மறப்பது ஒன்றே: தமிழ் பேசிய பௌத்தர் வாழ்ந்தனர்; இன்றும் வாழ்கின்றனர்.

அதற்குச் சான்றாய் நடமாடுவோர் நாமே. எனவே நம் நாவுக்குப் பொறுப்பு மிகுதி. யாழ்ப்பாணத்தில் நம்மை வரவேற்கும் ஐயா அம்மாமாரிடம் “இவ்விடம் எம் சமயத்தது” என வாதிடற்க. அவர் இழந்ததை முதலிற் கேட்க. மீண்டும் எழுந்து நிற்கும் நூலகத்துக்குச் சென்று சிறிதுநேரம் மௌனமாய் இருக்க. சிங்கள அன்பரிடமும் பழிச்சொல் வேண்டா. வெல்கம் விகாரைக் கல்வெட்டின் பொருளை அமைதியாய் எடுத்துரைக்க. நாக மன்னர் கதையை இங்கே நினைவுகூர்க. ஆசனத்தைப் பற்றி இழுப்போர் இருவர் போதும். மூன்றாமவராய் நாமும் போய்ப் பற்றுவது பகவனின் வழியன்று.

மற்றொன்று: பௌத்த நாடாதலால் அங்கே சாதியே இல்லை என்று நம்பிச் செல்லற்க. சியாம் நிகாயத்தில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே உயர்குலத்தார்க்கு மட்டும் உபசம்பதை என்னும் கட்டுப்பாடு புகுந்தது. அதனை ஏலாதோர் பர்மா சென்று உபசம்பதை பெற்றுவந்து, 1803இல் அமரபுர நிகாயத்தைத் தோற்றுவித்தனர். யாழ்ப்பாணத்திலும், மாவிட்டபுரம் கோயிலுள் நுழைய ஒடுக்கப்பட்டோர் 1968இல் போராட நேர்ந்தது. சாதி எவ்வுடையிலும் நுழையும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். தன்மத்தை அதன் அடியார் குறைகளால் அளக்கவேண்டா. குறைகளைக் காணாதது போலவும் நடிக்கவேண்டா.

7. பயணக் குறிப்புகள்

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு வானூர்தி உண்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போரினால் நின்ற புகைவண்டி 2014இல் மீண்டது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மீண்டும் ஓடியது; கடல் நிலையைப் பொறுத்து நிறுத்துவதுண்டாகலின் முன்னரே விசாரித்துக்கொள்க. சூடாமணி விகாரை விளங்கிய நாகையிலிருந்து கலமேறுவது நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி தரும்.

நெடுங்காலம் ஆலையில் உழைத்தவர் என்னும் முறையில் ஒன்று கூறுவோம்: கடன் வாங்கி யாத்திரை செல்லற்க. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து மாதச் சீட்டுப் போட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் செல்க.

விகாரைகளில் செருப்பும் தொப்பியும் களைக. தோளும் முழங்காலும் மறைய வெண்ணிற உடை உடுத்துக. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுத்தல் அங்கே பெரும் பிழை. மலரை முகராமல் படைக்க. அங்கே மிகுதியாய்ப் படைக்கும் அரலியாப் பூவுக்கு நம் மொழியில் ஈழத்தலரி என்றே பெயர். பிக்குகட்குத் தானம் அளிப்பதாயின் நண்பகலுக்கு முன் அளிக்க. முழுமதி நாளில் சென்றால், உபாசகருடன் அமர்ந்து எட்டுச் சீலம் ஏற்க. அவர் பேசும் சிங்களம் நமக்கு விளங்காது. நம் தமிழ் அவர்க்கு விளங்காது. பாலியில் திரிசரணம் தொடங்கியதும் இரு சாராரும் ஒரே சொற்களை ஒரே குரலிற் சொல்லுவோம். அதனைக் கேட்பதற்காகவேனும் ஒருமுறை சென்று வருக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

(1) நாக மன்னர் இருவருள் ஒருவர்க்கு ஆசனத்தை அளித்திருந்தால் யாது விளைந்திருக்கும்?

(2) அமுதசுரபி கையிலிருந்தும் ஆபுத்திரன் உண்ணாமைக்குக் காரணம் யாது?

(3) வெல்கம் விகாரையின் பெருமையையும் அநுராதபுரத்தின் துயரையும் ஒருங்கே நினைப்பது எவ்வாறு?

(4) “புத்தர் சிலையைக் கண்டால் எமக்கு அச்சம்” என்று யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் கூறின், நீவிர் கூறும் முதற்சொல் யாதாக இருக்கும்?

இவற்றை வரும் ஞாயிறு வகுப்பில் இளைஞரும் முதியோரும் கலந்து பேசுவார்களாக. யாவர்க்கும் மங்களம் உண்டாகுக.