பெண்களின் உடற்கொழுப்பு: தராசும் அளவு நாடாவும்

கருங்கண்ணிப் பருத்தியைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்த கோவில்பட்டிக் கரிசல் விவசாயிகளுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மூட்டையைத் தராசிலிட்டால் எடை தெரியும். அதில் பஞ்சு எவ்வளவு, கொட்டை எவ்வளவு என்பது அரைத்த பின்னரே தெரியும். மனித உடலும் அத்தகையதே. ஆயினும் கிராமங்களில் பெண்களின் உடல்நிலையை நாம் பெரும்பாலும் எடையைக் கொண்டே முடிவு செய்து வருகிறோம்.

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. இதனை 1832இல் வகுத்த பெல்ஜிய அறிஞர் கெட்லே வைத்தியர் அல்லர், வான நூலார். 1972இல் அன்செல் கீஸ் இதனைச் சோதித்துச் சிறந்ததெனக் கூறியபோது அளக்கப்பட்ட ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரும் ஆண்களே! பெண்களுக்கு இயல்பாகவே கொழுப்பு மிகுதி என்பதை நாம் மறக்கலாகாது.

ஓர் உதாரணம் காண்போம். 40 வயதுப் பெண் ஒருவர். உயரம் 150 செ.மீ., எடை 50 கிலோ. குறியீடு 22.2. இந்தியருக்கு 23க்குக் கீழ் இருப்பது நலமென்பதால் இவர் தேறிவிடுகிறார். ஹாலந்து நாட்டு டூரன்பர்க் 1991இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி இவர் உடலில் கொழுப்பு ஏறத்தாழ 30 சதவிகிதம். இக்கணக்கில் 4 சதவிகிதம் வரை கூடக் குறைய இருப்பது சாதாரணம். மேலும் அது ஐரோப்பியரை அளந்து வகுத்தது. அதே குறியீடுள்ள இந்தியரிடம் கொழுப்பு அதனினும் அதிகம். 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யூட்கினும் தம்மையே அளந்து காட்டினர். இருவருக்கும் குறியீடு 22.3, கொழுப்போ ஐரோப்பியருக்கு 9.1, இந்தியருக்கு 21.2 சதவிகிதம்.

மேற்கூறிய பெண்ணின் இடையை நாடாவால் அளந்து 84 செ.மீ. என வந்தால் நிலைமை மாறுகிறது. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்கு, அதாவது 75க்கு, மேலும் இது போய்விட்டது. நாடா மொத்தக் கொழுப்பைச் சொல்லாது. ஆனால் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிகோலும் வயிற்றுக் கொழுப்பைத் தராசைவிட நன்கு காட்டும். தீப்பெட்டி வேலையில் பகலெல்லாம் அமர்ந்திருக்கும் மெலிந்த தோற்றமுடைய பெண்களுக்கு இவ்வளவு மிகவும் அவசியம்.

நாடா தவறுவது பெரும்பாலும் அளப்பவர் கையால்தான். சேலைக் கொசுவத்தின் மேலும் உள்பாவாடை நாடாவின் மேலும் அளந்தால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, நின்ற நிலையில், இயல்பாக மூச்சை வெளியிட்டதும் அளத்தல் வேண்டும். நாடா தரைக்கு இணையாக இருக்க வேண்டும், அழுத்தலாகாது. தையற்காரரின் பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும்; அது உதவாது. இருமுறை அளந்து, 1 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மீண்டும் அளக்க வேண்டும். மறைவான இடத்தில் பெண் ஊழியரே அளப்பதற்குப் பஞ்சாயத்தார் ஏற்பாடு செய்தல் நலம்.

இடுக்கியால் தோல் மடிப்பை அளக்கும் முறையும் உண்டு. டர்னின், வோமர்ஸ்லி ஆகியோர் 1974இல் நான்கு இடங்களில் அளந்து கணக்கிடும் அட்டவணைகளைத் தந்தனர். பயிற்சியில்லாக் கையில் அது பயன்படாது. கிராமத்திற்கு நாம் அதைச் சிபாரிசு செய்யவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதத்தினர் குறியீடு 25ஐ எட்டியோ கடந்தோ இருந்தனர், 12.6 சதவிகிதத்தினர் 18.5க்கும் குறைவு. ஆகவே தராசைத் தள்ளிவிட இயலாது. இளைத்தவர்களைக் கண்டறிவது அதுவே. கர்ப்பிணிகளுக்கு இடையளவு பொருந்தாது. ஏனையோரில் 80 செ.மீ. தாண்டியவர்களை, எடை எதுவாயினும், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.