முண்டுப் பலகைப் பதிப்பை மெருகூட்டலுக்கு ஆயத்தம் செய்தல்

அலகு: மரவேலை – மேற்பரப்பு முடிப்பு
எடுத்துக்காட்டு: கையால் ஆக்கப்படும் கிற்றாரின் ஒலித்துளை வளையம்

அறிமுகம்

மரத்தின் தண்டிலோ அடியிலோ கட்டிபோலப் புடைத்து வளரும் பகுதி முண்டு எனப்படும். இதனை அறுத்துப் பெறும் பலகையில் சுழிகளும் கண் போன்ற புள்ளிகளும் காணப்படும். அம்போய்னா முண்டு இவற்றுள் புகழ்பெற்றது. இந்தோனேசியாவின் அம்பொன் தீவின் பெயரால் இது வழங்குகிறது. நாம் அறிந்த வேங்கை மரமும் இதே சாதியைச் சேர்ந்ததாகும்.

கிற்றாரின் முகப்புப் பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் எனும் வெண்ணிற மென்மரத்தாலானது. அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மி.மீ மட்டுமே. அதில் 1.5 மி.மீ ஆழத்தில் பள்ளம் வெட்டி, ஒலித்துளையைச் சுற்றி முண்டுத் துண்டுகளைப் பதிப்பர். ஆகவே பிழை நேர்ந்தால் மீண்டும் மீண்டும் தேய்த்துத் திருத்த இங்கு தடிப்பு இல்லை. மெருகுப் பூச்சு பிழையை மறைக்காது; பளிச்செனக் காட்டிவிடும்.

அடிப்படைக் கருத்து

முண்டின் அழகுக்கும் அதனால் வரும் தொல்லைக்கும் காரணம் ஒன்றே: அதன் நார்கள் ஒரே திசையில் ஓடுவதில்லை. இதன் விளைவுகள் மூன்று.

(அ) எத்திசையில் சீவினாலும் ஓரிடத்தில் நார் எதிர்த்து நின்று பிய்ந்து போகும்.
(ஆ) நார்முனைகள் மேற்பரப்பில் திறந்திருப்பதால் பூச்சு சமமின்றி உறிஞ்சப்படும்.
(இ) சிறு துவாரங்களும் வெடிப்புகளும் இயல்பாகவே இருக்கும்.

கீழுள்ள படிகளிற் பெரும்பாலானவை இம்மூன்றிலிருந்தே பிறக்கின்றன.

படிமுறைகள்

1. உலரவிடல்: மெல்லிய முண்டுத் துண்டுகள் எளிதில் வளையும். இரு தட்டையான பலகைகளுக்கிடையில் வைத்து, 45–50% சாரீரப்பதனுள்ள அறையில் நன்கு பதப்படவிடுக. ஈரமான துண்டைப் பதித்தால் பின்னர் சுருங்கி ஓரத்தில் இடைவெளி தோன்றும்.

2. முகப்பைக் காத்தல்: பள்ளம் வெட்டியதும் அதன் ஓரச் சுவர்களிலும் சுற்றியுள்ள முகப்பிலும் செலக் ஒரு பூச்சுப் பூசுக. பள்ளத்தின் அடியிற் பூசலாகாது. அங்கு பசை பிடிக்க வேண்டும்.

3. பதித்தல்: 2 மி.மீ தடிப்புள்ள துண்டுகளை ஒட்டுக. முகப்பைவிட 0.5 மி.மீ உயர்ந்து நிற்கும். இவ்வுயரமே சமப்படுத்தலுக்கான இருப்பு.

4. துவாரம் நிரப்பல்: நுண்ணிய வெடிப்புகளுக்கு நீர்த்தன்மையான சயனோஅக்ரிலேற்றுப் பசையைத் துளித்துளியாக விடுக. பெரிய துவாரங்களுக்கு அதே மரத்தின் தூளை எபொக்சியுடன் குழைத்து நிரப்புக. முற்றாக இறுகிய பின்பே அடுத்த படிக்குச் செல்க.

5. சமப்படுத்தல்: நன்கு தீட்டிய சுரண்டும் தகட்டினால் உயர்ந்த பகுதியை மெல்லச் சுரண்டுக. பின்னர் 180, 220, 320 இலக்க அரத்தாள்களை ஒழுங்காகப் பயன்படுத்துக. அரத்தாளைக் கடினமான கட்டையிற் சுற்றியே தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் மென்மையான ஸ்புரூஸ் விரைவில் குழிந்து, முண்டு மேடாக நிற்கும்.

6. தூசி நீக்கல்: தூரிகையாலோ தூசி உறிஞ்சியாலோ நீக்குக. மதுசாரம் தோய்ந்த துணியால் துடைக்கலாகாது. அம்போய்னாவின் செந்நிறச் சாயம் மதுசாரத்திற் கரைந்து வெண்ணிற முகப்பிற் படரும்.

7. அடைத்தல்: தேய்த்தபோது முகப்பிலிருந்த செலக் நீங்கியிருக்கும். எனவே முதலில் ஸ்புரூசிற்கு மெழுகு நீக்கிய செலக்கைப் பூசி உலரவிடுக. அடுத்து சிறு தூரிகையால் முண்டின் மீது மட்டும் மெல்லிய பூச்சுகள் இடுக. மங்கலாக உறிஞ்சிய இடங்கள் மறையும்வரை இதனைத் தொடர்க.

8. சோதித்தல்: விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்க்க. கீறலும் குழியும் நிழலாகத் தெரியும்.

பாதுகாப்பு: மரத்தூசியும் பசையின் ஆவியும் மூச்சுப்பாதையை உறுத்தும். முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்க.

மாதிரி வினாக்கள்

1. முண்டுப் பதிப்பைச் சீவுளியாற் சமப்படுத்துவது பொருத்தமற்றது. காரணம் தருக. (புள்ளிகள் 2)
விடை: நார்கள் பல திசைகளில் ஓடுவதால் சீவுளியின் அலகு சில இடங்களில் நாருக்கு எதிராக வெட்டும். அவ்விடங்களில் மரம் பிய்ந்து குழி உண்டாகும்.

2. செலக்கைத் துணியால் முண்டையும் முகப்பையும் சேர்த்துப் பூசிய மாணவன் காணக்கூடிய குறைபாடு யாது? தவிர்க்கும் முறையையும் கூறுக. (புள்ளிகள் 4)
விடை: செலக்கிலுள்ள மதுசாரம் சாயத்தைக் கரைப்பதால், துணி அதனை வெண்மரத்திற்கு இழுத்துச் சென்று செங்கறை ஏற்படுத்தும். முகப்பை முதலில் தனியாக அடைத்து, உலர்ந்த பின் முண்டிற்குச் சிறு தூரிகையாற் பூசுவதால் இதனைத் தவிர்க்கலாம்.

பரீட்சைக் குறிப்பு: படிகளை மட்டும் மனனஞ் செய்யாதீர்கள். “ஏன்?” எனக் கேட்கப்படும் வினாவிற்கு நாரின் திசை, உறிஞ்சும் தன்மை, மரங்களின் கடின வேறுபாடு, சாயம் ஆகிய நான்கில் எது காரணம் எனச் சிந்தித்து எழுதுங்கள். கையில் மரத்துண்டுடன் நிற்கும்போதும் இதே நான்கும் உங்களுக்கு வழிகாட்டும்.