பழைய பாட்டு, புது டிஸ்ட்ரிபியூட்டர்

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, வீட்டு அறையிலேயே பதிவு செய்து வெளியிடும் என்னைப் போன்றவர்கள் ஸ்பாட்டிஃபையிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ நேராகப் போய்ப் பாட்டைப் போட்டுவிட முடியாது. நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். நாம் தரும் ஆடியோவையும் அட்டைப் படத்தையும் விவரங்களையும் எல்லாக் கடைகளுக்கும் அனுப்பி, வரும் பணத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை. என்னுடைய டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. சந்தேகம் கேட்டால் இயந்திரம்தான் பதில் சொன்னது. கூட வாசித்தவர்களுக்குப் பங்கு பிரிக்கத் தனிக் கட்டணம் வேறு கேட்டார்கள். கோவையிலிருந்து சின்ன அளவில் இயங்கும் எனக்கு அது கட்டுப்படியாகவில்லை. இருந்த பாட்டுகள் அத்தனையையும் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். அதில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஓர் எண்ணத்தைக் கைவிட வேண்டும். மொபைல் எண்ணை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்கிற மாதிரி இது நடக்காது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் புதியவரிடம் எதையும் கைமாற்றித் தருவதில்லை. நீங்கள் புதிய இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுகிறீர்கள். கொஞ்ச நாளைக்கு ஒரே பாட்டு கடையில் இரண்டு பிரதியாக நிற்கும். பிறகு பழையதை இறக்குகிறீர்கள். இரண்டும் ஒரே பாட்டுதான் என்று கடையின் கணினிக்குப் புரிந்தால், இத்தனை வருடம் சேர்ந்த ஸ்ட்ரீம் எண்ணிக்கையும் பிளேலிஸ்ட் இடங்களும் புதிய பிரதிக்கு வந்து சேரும். புரியாவிட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே இந்த வேலை முழுவதும் ஒரே நோக்கத்தில் அடங்கும்: இது அதே பாட்டுதான் என்று ஒரு கணினியை நம்பவைப்பது.

எண்ணிக்கை வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறையாவது ஒலிக்காத பாட்டு ராயல்டிக் கணக்கிலேயே சேர்வதில்லை. நம்மைப் போன்றவர்களின் பாட்டுகளில் பல அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. இடம் மாறும்போது கணக்கு அறுந்தால் வருமானமும் அறுந்துவிடலாம்.

விட்டு வருமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஆண்டுச் சந்தா வாங்கும் நிறுவனங்கள் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய சிடி பேபி போல, ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை மட்டும் கட்டணம் வாங்கி, வருவதில் 9 சதவீதம் எடுத்துக்கொள்பவையும் உண்டு. எந்த வகையாக இருந்தாலும் நாலு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். விலக முன்னறிவிப்புக் காலம் உண்டா? முன்பணம் வாங்கியிருந்தால் அது கழியும்வரை பாட்டை எடுக்க முடியுமா? சந்தா நின்றால் பாட்டுகள் தானாக இறங்கிவிடுமா? கணக்கில் குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் பணம் எடுக்கலாம்?

இதில் மூன்றாவது கேள்விதான் நாள்காட்டியைத் தீர்மானிக்கிறது. சந்தா முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் தொடங்கினால், புதியது கடைக்கு வருவதற்குள் பழையது இறங்கிவிடும். நடுவில் பாட்டே இல்லாத ஓர் இடைவெளி விழும். எண்ணிக்கை இணையாமல் போவதற்கு அதைவிட வசதியான வழி இல்லை.

ஒரு பேரேடு போடுங்கள்

எதையும் ஏற்றுமுன் ஒரு எக்செல் தாளைத் திறந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி. பாட்டின் பெயர், கடையில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலோடு. பாடியவர், இசை, பாடல் வரிகள், வாசித்தவர்கள். பாட்டின் நீளம், விநாடி சுத்தமாக. முதலில் வெளியான தேதி. லேபிள் பெயர், உரிமை வரிகள். ஐ.எஸ்.ஆர்.சி. எண், ஆல்பத்தின் யு.பி.சி. எண். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிளிலும் என் கலைஞர் பக்கத்தின் இணைப்பு.

இவற்றில் உயிர்நாடி ஐ.எஸ்.ஆர்.சி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உலக அளவில் தரப்படும் 12 எழுத்து அடையாளம் அது. முதல் 2 எழுத்தும் பதிவுதாரரைக் குறிக்கும் அடுத்த 3 எழுத்தும் சேர்ந்து முன்னொட்டு, அடுத்த 2 எண் வழங்கிய ஆண்டு, கடைசி 5 வரிசை எண். பலருக்கு இதைப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரே இலவசமாகத் தந்திருப்பார். ஆகவே அது அவருடைய சொத்து, விலகும்போது விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. எண்ணை வழங்கியவர் யாராக இருந்தாலும் அது அந்த ஒலிப்பதிவோடு ஒட்டிக்கொண்டது; பாட்டு போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும். புதிய இடத்தில் ஏற்றும்போது, ‘ஏற்கெனவே ஐ.எஸ்.ஆர்.சி. உள்ளது’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பழைய எண்ணையே தட்டச்சு செய்யுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் புதிய எண் ஒன்று தானாக விழும். அதோடு பழைய கணக்கு முடிந்தது.

யு.பி.சி. கொஞ்சம் வேறு. அது முழு வெளியீட்டுக்குமான பார்கோடு எண். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் தந்த யு.பி.சி.யைச் சில புதிய நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்றால் நல்லது. ஏற்காவிட்டாலும் கலங்க வேண்டாம்: பாட்டுகளின் எண்ணிக்கையை இணைப்பது ஐ.எஸ்.ஆர்.சி.தான். ஆனால் ஆல்பத்தின் இணைப்பு முகவரி மாறக்கூடும். போஸ்டரிலும் இன்ஸ்டாகிராம் பயோவிலும் கொடுத்திருக்கும் பழைய இணைப்புகளையும் க்யூ.ஆர். குறியீடுகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

அதே ஃபைல், அதே பெயர்

புதிய வீட்டுக்குப் போகிற சாக்கில் பழைய மிக்ஸைக் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று கை அரிக்கும். எனக்கும் அரித்தது. தொடாதீர்கள். கடைகள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஒலியையும் நீளத்தையும் ஒப்பிடுகின்றன. தொடக்கத்து மௌனத்தை இரண்டு விநாடி வெட்டினால்கூட அது வேறு பதிவாகத் தோன்றலாம். முறையாகப் பார்த்தால் ரீமாஸ்டர் செய்த பதிவுக்குப் புதிய ஐ.எஸ்.ஆர்.சி. எடுக்க வேண்டும். அதைப் பிறகு தனி வெளியீடாகச் செய்துகொள்ளலாம். இப்போது, முன்பு ஏற்றிய அதே வேவ் ஃபைல்தான் வேண்டும். எல்லா டிஸ்ட்ரிபியூட்டரும் ஏற்றிய ஃபைலைத் திருப்பித் தரமாட்டார்கள். உங்கள் ஹார்டு டிஸ்கில் அது இருக்கிறதா என்று கணக்கை மூடுவதற்கு வெகு முன்னரே தேடுங்கள்.

தமிழ்ப் பாட்டுகளுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. தலைப்பை ஆங்கில எழுத்தில் கொடுத்திருப்போம். ‘மழை’யின் ழகரத்துக்கு ஒரு ஆல்பத்தில் இசட்-எச், இன்னொரு சிங்கிளில் வெறும் எல். நெடிலுக்கு ஓரிடத்தில் இரண்டு ஏ, மற்றோரிடத்தில் ஒன்று. திருத்திவிடலாமே என்று தோன்றும். மாறும் நேரத்தில் திருத்தாதீர்கள். கடையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, பிழையோடு, ஏற்றுங்கள். இரண்டும் இணைந்து பழையது இறங்கிய பிறகு, புதிய இடத்தில் திருத்தம் அனுப்பினால் போதும்.

தேதிக் கட்டம் இரண்டு இருக்கும். ‘முதல் வெளியீட்டுத் தேதி’யில் பாட்டு உண்மையில் வெளியான நாளைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஏழு வருடத்துப் பாட்டு நேற்று வந்ததைப் போல உங்கள் பக்கத்தில் முதலிடத்தில் வந்து உட்காரும். பொதுவான பெயர் உள்ளவர்கள், புதிதாக ஏற்றும்போது தங்கள் கலைஞர் பக்கத்தின் இணைப்பைத் தவறாமல் கொடுக்க வேண்டும். கார்த்திக் என்றோ பிரியா என்றோ வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் பாட்டு யார் வீட்டில் போய் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வரிசை முக்கியம்

நான் முதலில் அதிகம் யாரும் கேட்காத ஒரு சிங்கிளை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். அது சரியாக இணைந்த பிறகுதான் ஆல்பங்களைத் தொட்டேன். வரிசை இதுதான்: புதியதை ஏற்று, எல்லாக் கடையிலும் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார், ஸ்பாட்டிஃபையில் புதிய பிரதியில் பழைய எண்ணிக்கை தெரிகிறதா பார், தெரிந்த பிறகே பழைய இடத்தில் டேக்டவுன் கொடு. இடையில் ஒன்றிரண்டு வாரம் இரண்டு பிரதியும் நிற்கும். ரசிகர்கள் யாராவது “ரெண்டு தடவை இருக்கே” என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு: யூடியூபின் கன்டென்ட் ஐடி. உங்கள் பாட்டை யாராவது வீடியோவில் பயன்படுத்தினால் கண்டுபிடித்து, அந்த விளம்பரப் பணத்தை உங்களுக்குத் திருப்பும் ஏற்பாடு அது. ஒரே ஒலிப்பதிவுக்கு ஒரே நாட்டில் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்கள் உரிமை கோரினால் உரிமைச் சிக்கல் எழும். அது தீரும்வரை பணம் முடங்கும். ஆகவே இங்கே மட்டும், பழையவர் உரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் புதியவரிடம் இதை இயக்க வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உரிமைக் கோரலுக்கும் இதே முறைதான். இதைப் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாமே இணையும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். யூடியூபில் அட்டைப் படத்தோடு தானாக உருவாகும் ‘டாபிக்’ வீடியோக்களில் சில எனக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கின. நானே என் சேனலில் ஏற்றிய வீடியோக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரீல்ஸில் பழைய ஒலியோடு இணைந்திருந்த சில வீடியோக்கள் ஊமையாயின. பாடல் வரிகள், ஸ்பாட்டிஃபையில் ஓடும் சின்னக் கேன்வஸ் வீடியோ ஆகியவற்றை ஒவ்வொரு பாட்டிலும் சரிபார்த்து, இல்லாத இடத்தில் மறுபடி போட்டேன்.

பணம் பின்னாலேயே வரும்

கடைகள் பணத்தை உடனே தருவதில்லை. இந்த மாதம் ஒலித்ததற்கான தொகை இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்குக்கு வரும். அதனால் பாட்டுகளை இறக்கியவுடன் பழைய கணக்கை மூடிவிடாதீர்கள். கடைசிச் சில்லறை வரும்வரை திறந்து வையுங்கள். இதுவரையிலான எல்லா அறிக்கைகளையும் தரவிறக்கி வையுங்கள். கணக்கு போன பிறகு கேட்டால் கிடைக்காது.

பங்கு பிரிப்பும் தானாக வராது. என் பாட்டுகளுக்குத் தாள வாத்தியம் வாசிக்கும் தம்பி ஒருநாள் அழைத்து, “அண்ணே, இந்த மாசம் எனக்கு ஒண்ணும் வரலையே?” என்றான். பழைய கணக்கில் மிச்சம் வர வேண்டியதையும் புதிய கணக்கில் அவன் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதையும் விளக்கினேன். கூட வேலை செய்தவர்களிடம் மாறுமுன்பே சொல்லிவிடுவது நல்லது. அவர்களுக்கும் அது வருமானம்.

அமெரிக்க நிறுவனத்துக்குப் போகிறவர்கள் டபிள்யூ-8பென் வரிப் படிவத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், அமெரிக்காவில் கிடைத்த ராயல்டிக்குப் பிடித்தம் 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதமாகும். பான் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு உரிமை விஷயங்கள். வேறொருவர் பாட்டை கவர் பாடி, பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக உரிமம் எடுத்திருந்தால், அந்த உரிமம் உங்களோடு வராது. புதிதாக எடுக்க வேண்டும். அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் பார்ப்பது ஒலிப்பதிவுக்கான பணத்தை மட்டும். மெட்டுக்கும் வரிகளுக்குமான ராயல்டி ஐ.பி.ஆர்.எஸ். என்னும் உரிமைச் சங்கத்தின் வழியாக வருவது; இந்த மாற்றத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. புதிய டிஸ்ட்ரிபியூட்டர் ‘பப்ளிஷிங் நிர்வாகம்’ என்று ஒரு சேவையைக் கூடுதலாக நீட்டினால், ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கு நீங்கள் ஏற்கெனவே ஒப்படைத்த உரிமையோடு அது மோதுமா என்று கேட்காமல் டிக் அடிக்காதீர்கள்.

யார் மாற வேண்டாம்

வருமானம் போதவில்லை என்பது மட்டும் காரணமென்றால் மாறாதீர்கள். கடைகளில் ஒரு ஸ்ட்ரீமுக்குக் கிடைப்பது உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றியதால் உயர்ந்துவிடாது. அவர் எடுக்கும் பங்கும் கட்டணமும்தான் மாறும். காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்து மிச்சம் தெரிந்தால் மட்டும் கிளம்புங்கள். பாட்டு ஒன்று ரீல்ஸில் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதும், புதிய ஆல்பம் வரப்போகிற மாதத்திலும் பழையவற்றை அசைக்க வேண்டாம்.

இன்னும் முதல் பாட்டையே வெளியிடாதவர்களுக்கு இந்த வேலையில் பாதியை மிச்சப்படுத்த வழி இருக்கிறது. பேரேட்டை முதல் பாட்டிலிருந்தே எழுதுங்கள். நிறையப் பாட்டுகள் வெளியிடும் எண்ணம் இருந்தால், இந்தியாவில் ஐ.எஸ்.ஆர்.சி. வழங்கும் அமைப்பான இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரியிடம் விண்ணப்பித்து உங்கள் பெயரிலேயே முன்னொட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் வருவார், போவார். எந்த எண் எந்தப் பாட்டுக்கு என்ற கணக்கு உங்கள் கையில் இருந்தால், அடுத்த முறை மாறுவது சில மாலைகளில் உட்கார்ந்து முடிக்கிற வேலைதான்.