பன்றிக்குட்டிகளில் கழிச்சல்: குடலுக்கு நேர்வது என்ன?

மார்கழி, தை மாதங்களில் கல்வராயன் மலையில் இரவுக் குளிர் அதிகம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பன்றி வளர்ப்போர் அப்போது பிறக்கும் குட்டிகளைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும். குளிரில் நடுங்கும் குட்டியின் குடல் அசைவு குறைந்துவிடும். உள்ளே போன கிருமிகள் வெளியேறாமல் தங்கிப் பெருகும். கழிச்சல் கண்டு குட்டிகள் மடியும்.

சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள், நாற்றங்காலில் நெல் நாற்று நிற்பதுபோல் நெருக்கமாக நிற்கின்றன. பாலின் சத்தை உறிஞ்சுபவை இவையே.

ஈ.கோலி என்ற பாக்டீரியா இவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். நஞ்சு பட்டதும் குடல் உடல்நீரை வெளியே கொட்டுகிறது. மஞ்சளாகவோ வெளுத்தோ நீர்போல் கழியும். இதில் குடலுறிஞ்சிகள் பெரும்பாலும் அழிவதில்லை. குட்டி சாவது நீர் வற்றியே. ஆகவே உடனே நீர் ஊட்டினால் பிழைக்க வழியுண்டு.

கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் 'சி' வகைக் கிருமி இதனினும் கொடியது. பெரும்பாலும் முதல் வாரத்தில் தாக்கும். இதன் நஞ்சு குடலுறிஞ்சிகளையே அழுகச் செய்வதால் ரத்தம் கலந்து கழியும். அறிகுறி தோன்றிய பின் மருந்து அதிகம் பயன்படாது.

கழிச்சல் கண்ட குட்டியைத் தாயிடம் பால் குடிக்க விட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஒன்றிரண்டு தேக்கரண்டியாக அடிக்கடி புகட்டலாம். சர்க்கரைக் கரைசல் கூடாது. முதல் வாரத்தில் குட்டியால் அதைச் செரிக்க முடியாது.

நிறத்தை மட்டும் பார்த்து நோயை முடிவு செய்யலாகாது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். இறந்த குட்டியைத் தாமதமின்றிப் பரிசோதனைக்குக் கொடுத்தால் மற்றக் குட்டிகளைக் காக்கலாம். தாமாக மருந்து வாங்கிப் போடக் கூடாது. கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019-இல் தடை விதித்துள்ளது.

வருமுன் காக்கும் முறைகள்:

1. ஈனும் கொட்டிலைச் சலவை சோடா கரைத்த நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, சுண்ணாம்பு பூச வேண்டும்.

2. ஈனுமுன் தாயின் மடியைக் கழுவித் துடைக்க வேண்டும்.

3. பிறக்கும்போது குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை. சீம்பாலிலுள்ள அச்சக்தியைக் குடல் முதல் நாள் மட்டுமே உறிஞ்சும். எல்லாக் குட்டிகளும் முதல் 6 மணி நேரத்துக்குள் குடித்தனவா என்று பார்க்க வேண்டும்.

4. குட்டிகள் படுக்கும் மூலையில் காய்ந்த வைக்கோல் பரப்பி, காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டி, மின்விளக்கால் 32 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வெப்பம் தர வேண்டும்.

சீம்பாலும் கதகதப்பும் கிடைத்தால் குட்டிச் சாவு பெரிதும் குறையும்.