ஒரே பாறை, மூன்று பேரரசுகள்!

"அசோகர் இந்தியா முழுவதையும் ஆண்டார்" என்று பரீட்சையில் பலர் எழுதிவிடுகிறார்கள். இது சரியா? பதில் ஒரு பாறையிலேயே இருக்கு!

குஜராத்தில் ஜூனாகத் ஊரிலிருந்து கிர்நார் மலைக்குப் போகும் வழியில் அந்தப் பாறை உள்ளது. அதில் மூன்று காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன.

1. அசோகர் (கி.மு. 3-ஆம் நூற்றாண்டு): மொத்தம் 14 கட்டளைகள். மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவ வசதி செய்ததை 2-ஆவது கட்டளை சொல்கிறது. தன் நாட்டில் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் உள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும்! எல்லைக்கு அப்பால் என்று அவரே சொல்லிட்டார். அப்போ, காந்தஹார் முதல் கர்நாடகம் வரை கல்வெட்டு வைத்த அவர் ஆட்சிக்குள் தென்கோடி வரவில்லை.

2. ருத்ரதாமன் (கி.பி. 150): இவர் சக மன்னர். சந்திரகுப்த மௌரியர் காலத்தில் கட்டிய சுதர்சன ஏரி பெரும் புயல் மழையில் உடைந்தது. மக்களைக் கூடுதல் வரியாலும் கட்டாய வேலையாலும் வாட்டாமல், தன் கஜானா பணத்திலேயே கரையைக் கட்டியதாகச் சொல்கிறார்.

3. ஸ்கந்தகுப்தர் (கி.பி. 5-ஆம் நூற்றாண்டு): ஏரி மறுபடியும் உடைந்தது. அவருடைய அதிகாரி சக்ரபாலிதர் சரிசெய்தார்.

கவனிச்சீங்களா? மௌரியர், சகர், குப்தர் என ஆட்சி மாறிக்கிட்டே இருந்தது. யாரும் துணைக்கண்டம் முழுவதையும் ஆளவில்லை. ஆனால் ஏரியைக் காக்கும் வேலை 700 ஆண்டுகளுக்கு மேல் கைமாறி வந்தது.

சரி, ஆங்கிலேயர் ஆட்சியில் எல்லாம் ஒன்றாகி விட்டதா? அதுவும் இல்லை. அப்போதும் 550-க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. நம்ம புதுக்கோட்டை ஒன்று. அந்தப் பாறை இருக்கும் ஜூனாகத்தும் ஒன்று. 1947-ல் ஜூனாகத் நவாப் பாகிஸ்தானோடு சேர்வதாக அறிவித்தார். நவம்பரில் இந்தியா நிர்வாகத்தை ஏற்றது. 1948 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மிகப் பெரும்பாலோர் இந்தியாவுக்கே ஓட்டுப் போட்டார்கள். பாறையில் பேசியவர்கள் அரசர்கள். இந்த முறை பேசியவர்கள் குடிமக்கள்!

ஆகவே பரீட்சையில் இப்படி எழுதுங்கள்: "அசோகர் துணைக்கண்டத்தின் பெரும்பகுதியை ஆண்டார்." 'முழுவதும்' என்று எழுதினால், அசோகரே பெயர் சொல்லி எழுதிவைத்த சோழரையும் பாண்டியரையும் நாம அழிச்ச மாதிரி ஆகிடும்!